மாரிக்கு நான் போட்ட சீனி

போன வாரம் சாத்தூரில் ஒரு கடையில் சத்துமாவு டப்பா ஒன்றைக் கையில் எடுத்தேன். ‘சர்க்கரை சேர்க்கப்படவில்லை’ என்று கொட்டை எழுத்தில் பெருமையாகப் போட்டிருந்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உங்களிடம் சொல்வதற்கென்ன, ஒரு காலத்தில் அதைச் சேர்ப்பதையே முழுநேர வேலையாகச் செய்தவள் நான். எங்கள் பக்கம் அதற்குச் சீனி என்று பெயர்.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில் ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பால்வாடியில் டீச்சராகச் சேர்ந்த புதிது. காலையில் பட்டாசுக் கம்பெனி வேன் ஹாரன் அடித்ததும் தாய்மார்கள் பிள்ளைகளை என்னிடம் தள்ளிவிட்டு ஓடுவார்கள். அரசாங்கம் கொடுக்கும் சத்துமாவைத் தண்ணீர் தெளித்துப் பிசைந்து உருண்டை பிடித்துக் கொடுப்பேன். வறுத்த மாவு வாசனை நன்றாகத்தான் இருக்கும். பிள்ளைகளோ உருண்டையைச் சுவரில் அடித்து விளையாடினார்கள். அதனால் எங்கள் வீட்டுச் சீனி டப்பா தினமும் என் பையில் ஏறியது.

“வீட்ல எறும்பையும் காணோம், சீனியையும் காணோம். எங்கடி போகுது?” என்று அம்மா கேட்டாள். நான் என்றைக்கும் இல்லாத அக்கறையாகப் பாத்திரம் விளக்கப் போய்விட்டேன்.

சீனி போட்டதும் எல்லோரும் தட்டை நக்கினார்கள், மாரியைத் தவிர. மூன்று வயசு. எடை அட்டையில் அவள் கோடு மட்டும் இறங்கிக்கொண்டே வந்தது. இன்னும் இறங்கினால் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதுதான் என்று நர்சம்மா சொல்லிவிட்டார். அந்தப் பயத்தில் ஒரு கரண்டி சீனி இரண்டானது, நாலானது. அவள் கண் முன்னாலேயே வெள்ளை வெளேரென்று அள்ளிக் கொட்டினேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சுவரோடு ஒட்டினாள்.

ஒருநாள் அவள் அம்மா பேச்சியம்மாவை வேனில் ஏறவிடாமல் மறித்தேன்.

“யக்கா, சீனியைக் கண்டுமா ஒரு பிள்ளை ஓடும்?”

“நாந்தான் டீச்சர் சொல்லி வச்சிருக்கேன். பொடின்னு எதைக் கண்டாலும் தொடப்படாது, வாய்ல வச்சா உசுரு போயிரும்னு. எஞ்சேலையெல்லாம் கம்பெனிப் பொடில்லா ஒட்டியிருக்கு. நான் குளிக்காம அவ எங்கிட்ட வரவே மாட்டா.”

சீனியே வாங்காமல் கருப்பட்டிக் காப்பி குடிக்கிற வீடு. மாரிக்குச் சீனியும் இன்னொரு பொடி, அவ்வளவுதான். பால்வாடியிலேயே சொன்ன பேச்சைக் கேட்கிற ஒரே பிள்ளையை நான் பிடிவாதக்காரி என்று நினைத்திருக்கிறேன். போதாததற்குக் கரண்டி கரண்டியாகப் பயமுறுத்தியும் இருக்கிறேன்.

மறுநாள் நான் கேட்டுக்கொண்டபடி பேச்சியம்மா பால்வாடிக்குள் வந்து கையை நன்றாகக் கழுவிவிட்டு மகள் முன்னால் உட்கார்ந்து, ஒரு பிடி வெறும் மாவை வாயில் போட்டாள். பிறகு இன்னொரு பிடி.

“நல்லாத்தான இருக்கு டீச்சர். இதுக்கா அம்புட்டுச் சீனி போடுறீக?”

மூன்றாவது பிடிக்கு மாரி அம்மாவின் கையைப் பிடித்துத் தன் வாய்க்கு இழுத்தாள். வெளியே வேன்காரர் ஹாரனை அடித்தபடி இருந்தார். நாங்கள் யாரும் அசையவில்லை.

அந்த மாதம் கோடு ஏறியது. வீட்டில் சீனித் திருட்டை ஒப்புக்கொண்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அந்தப் பால்வாடிக் கட்டடம் இப்போது இல்லை. மாரியைப் பொங்கலுக்கு முன் பஸ்ஸில் பார்த்தேன். வாட்டசாட்டமாக, என்னைவிட உயரமாக இருந்தாள். “டீச்சர், நல்லாருக்கீகளா?” என்று கையைப் பிடித்துக்கொண்டாள். அம்மா போன அதே கம்பெனிக்குத்தான் போகிறாளாம். நகக்கண்ணெல்லாம் அலுமினியப் பொடி.

“கையைக் கழுவலையாம்மா?”

“பழகிருச்சு டீச்சர்.”

அதே கையால் முறுக்கை ஒடித்து எனக்கும் பாதி கொடுத்தாள். சுவரோடு ஒட்டி நின்றாளே, அந்தப் பயம் அவளிடம் துளியும் இல்லை. அதைப் போக்கியவர்களில் நானும் ஒருத்தி என்று நினைத்ததும் முறுக்கை வாயில் வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தேன்.