நல்லம்மாளக்கா கேட்ட உடைந்த துண்டு

சேலத்தில் சரக்கு இறக்கிவிட்டுத் திரும்பிய லாரி டிரைவர் ஒருவர், பிரேக் பார்க்கச் சொல்லி நாமக்கல்லில் என் பட்டறையில் வண்டியை நிறுத்தினார். இறங்கும்போதே, "அயோத்தியாப்பட்டணத்து அக்கா போயிட்டாங்களாமுங்க" என்றார். எந்த அக்கா என்று நான் கேட்கவில்லை. எங்கள் தொழிலில் அந்த ஊர் அக்கா என்றால் ஒருவர்தான். கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன்.

நாமக்கல் பட்டறைக்காரர்களுக்கு நல்லம்மாளக்காவை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அவருடைய கணவர் ஊர் ஊராகப் போய் ராணுவத்தின் பழைய ஜீப்புகளையும் டிரக்குகளையும் ஏலத்தில் எடுத்துவருவார். அவற்றை ஆள் வைத்துப் பிரித்து, பாகம் பாகமாக அடுக்கி, சேலத்தை ஒட்டிய அயோத்தியாப்பட்டணத்தில் ஆத்தூர் ரோட்டோரக் கடையில் உட்கார்ந்து விற்றவர் அக்கா. பிறந்த ஊர் வெண்ணந்தூர். கடைசிவரை அந்த ஊர்ப் பேச்சுதான்.

அவர் கடையில் ஒரு சட்டம் உண்டு. "ஒடஞ்சத மொதல்ல காட்டுங்க. நல்லத அப்பறம் காட்டறனுங்க." உடைந்த பாகத்தைக் கொண்டுவராதவர், எத்தனை தூரத்திலிருந்து வந்திருந்தாலும், வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும். கியர் தானாகவே உடைந்துவிட்டது என்று ஒருவர் சாதித்தபோது, "தானாவே ஒடஞ்சுதுங்களா? பாவம், அதுக்கு என்ன மனக்கஷ்டமோ!" என்றார். கடையே சிரித்தது. அன்று நானும் சிரித்தேன்.

எழுபதுகளின் கடைசியில் நான் தனியாகப் பட்டறை போட்ட புதிது. எருமப்பட்டியில் கோழிப்பண்ணை வைத்திருந்த ஒருவர், நாலு சக்கரமும் இழுக்கிற பழைய ராணுவ பிக்கப் ஒன்றைக் கொண்டுவந்தார். பண்ணைக்கும் ரோட்டுக்கும் நடுவே மணல் ஓடை. அதைத் தாண்ட வண்டியை உயர்த்த வேண்டும் என்றார். ஸ்பிரிங்கில் பட்டைகள் சேர்த்துத் தூக்கி, பெரிய டயர் மாட்டிக் கொடுத்தேன். பார்க்க யானைக்குட்டி மாதிரி நின்றது. பத்து நாளில் முன் ஆக்சில் போய்விட்டது. சக்கரம் திரும்பும் இடத்தில், உள்ளே இரும்புக் குண்டுகள் வைத்த ஜாயிண்ட் ஒன்று இருக்கும். பெரிய டயரின் இழுப்பை அது தாங்கவில்லை.

உடைந்ததை எடுத்துக்கொண்டு அக்காவிடம் போனேன். திருப்பித் திருப்பிப் பார்த்தவர், உள்ளே போய்க் குண்டுக்குப் பதிலாக, இரண்டு பக்கமும் காது மாதிரி நீண்ட இரும்புக்கு நடுவே சிலுவை வடிவக் கிராஸ் வைத்த தடித்த ஆக்சில் ஜோடி ஒன்றை எடுத்துவந்தார்.

"இது பலமான சாமானுங்க தம்பி. ஆனா பழசளவுக்கு மடங்காது. ஸ்டீரிங் எவ்வளவு திரும்போணும்னு நிறுத்தற போல்ட்டு இருக்குதல்லங்க, அதைய ரெண்டு சுத்து வெளிய எடுத்து வெய்யுங்க. சக்கரம் கொஞ்சம் கம்மியாத்தான் திரும்பும், பரவால்லீங்க. இல்லீன்னா ஜாயிண்டுக் காது ரெண்டும் முட்டிக்கும்."

சரிங்கக்கா என்று தலையாட்டிவிட்டு வந்தேன். போல்ட்டைத் தொடவில்லை. "ஷெட்டுச் சந்துல திரும்பலீன்னா வண்டி எதுக்குங்க?" என்று பண்ணைக்காரர் கேட்டது ஒரு காரணம். கடையில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண் எனக்கு ஸ்டீரிங் பாடம் எடுப்பதா என்ற திமிர் இன்னொரு காரணம். இரண்டாவதுதான் பெரியது.

அடுத்த வாரமே அந்த ஆக்சிலும் உடைந்து ஓடை நடுவில் வண்டி நின்றுவிட்டது. சந்தைக்குப் போக வேண்டிய முட்டைத் தட்டுகளை ஆட்கள் தலையில் சுமந்து கரையேற்றினார்கள். "என்ன பட்டறைங்க உங்களுது?" என்று பண்ணைக்காரர் எல்லார் முன்னாலும் கேட்டார். என் பெயர் போய்விடும் என்று பயந்துபோனேன். "என் வேல சுத்தமுங்க. சேலத்துச் சாமானுதான் மட்டம்" என்று சொல்லிவிட்டேன். அதோடு விட்டேனா? எங்கள் பட்டறை வீதி முழுக்கச் சொன்னேன். மறுநாள் அக்காவின் கடைக்குப் போய், உடைந்த துண்டை மேசைமேல் போட்டு, வாடிக்கையாளர்கள் நிற்கும்போதே கத்தினேன்.

அக்கா அதைத் துணியால் துடைத்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். உள்ளே போய் இன்னொன்றைக் கொண்டுவந்து தந்தார். "கொண்டு போங்க தம்பி. அந்த போல்ட்ட மட்டும் பாத்துக்குங்க" என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி.

புதியதை மாட்டிவிட்டு ஸ்டீரிங்கை முழுக்கத் திருப்பினேன். காது இரண்டும் ஒன்றையொன்று முட்டி நின்றன. போல்ட்டை இரண்டு சுற்று வெளியே எடுத்தேன். அந்த வண்டி இன்றைக்கும் ஓடையைத் தாண்டிக்கொண்டிருக்கிறது. தப்பு என்னுடையது என்று பண்ணைக்காரரிடமோ வீதியிலோ நான் சொல்லவில்லை. அந்த வருடம் முழுக்க எங்கள் ஆட்களில் பலர் அக்காவின் கடைப்பக்கம் போகவில்லை. பிறகு மெல்ல மெல்லப் போனார்கள், நானும் போனேன். அவர் எப்போதும்போல "ஒடஞ்சது எங்கீங்க தம்பி?" என்றுதான் வரவேற்றார்.

துக்கம் கேட்கப் போன அன்று, அக்காவின் கணவர் என்னைக் கடைக்குள் அழைத்துப் போய், மேசைக்கு அடியிலிருந்து துணியில் சுற்றிய ஒன்றை எடுத்துத் தந்தார். என் துண்டுதான். இரண்டு காதுகளிலும் முட்டிய தழும்பு பளிச்சென்று தெரிந்தது. போல்ட்டைத் தொடாததால்தான் உடைந்தது என்று சொல்லத் தொழில் தெரிந்த யாருக்கும் ஒரு பார்வை போதும்.

"நாமக்கல் யாவாரமே நின்னப்ப, இதைய நாலு பேருத்துக்குக் காட்டலாமல்லன்னு நாஞ் சண்ட போட்டனுங்க. 'அந்தத் தம்பி இப்பத்தான் பட்டறை போட்டிருக்குது, உடுங்க'ன்னு துணியில சுத்தி வெச்சுப்புட்டா" என்றார்.

அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அக்கா உயிரோடு இருந்தபோது ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டேனே என்பதுதான் தாங்கவில்லை.

அந்தத் துண்டை இப்போது என் பட்டறை வாசலில், எல்லாரும் பார்க்கிற உயரத்தில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். யார் கேட்டாலும் சொல்கிறேன். பட்டறை வீதியில் அன்று என் பேச்சைக் கேட்டவர்கள் இதையும் கேளுங்கள். அக்கா கொடுத்த சாமான் நல்ல சாமான். அதை உடைத்தவன் நான்.