ஐஸ் வாத்தியாரின் வேதப்புரட்டு

ஐஸ் தொழிற்சாலையில் மெஷின் ஓட்டுகிறவர்தான் என்றாலும், ஊருக்கு அவர் ஐஸ் வாத்தியார். இருபத்தாறு வருஷமாக ஞாயிறு தவறாமல் தம் கிறிஸ்தவ சபைப் பிள்ளைகளுக்கு வேதபாடம் எடுக்கிறார். வேதத்தைத் திரித்துச் சொல்லும் வேதப்புரட்டு எங்கே இருந்தாலும் மனிதருக்கு மூக்கில் வியர்த்துவிடும். அடுத்த தெரு சபை, அதற்கடுத்த தெரு சபை, ஒன்றையும் அவர் விட்டுவைத்ததில்லை.

போதாக்குறைக்குத் தங்கை புருஷனே ஒரு புதுச் சபையில் போய்ச் சேர்ந்தார். பிதா, குமாரன், ஆவி என்று மூன்று ஆள் கிடையாது, ஒரே ஆள்தான் மூன்று வடிவில் வருகிறார் என்பது அங்கே போதனை. வாத்தியாரின் சபையிலோ கடவுள் ஒருவர், ஆனால் ஆள் மூன்று. அன்றைக்கு நின்ற போக்குவரத்துதான், பதினோரு வருஷம் ஆகிவிட்டது.

இப்போது தங்கை மகளுக்குக் கல்யாணம். தங்கை வந்து அழுதாள்.

"அண்ணே, எனக்குன்னு இருக்கறது நீ ஒருத்தன்தான். வந்து நின்னா போதும்."

"அந்தப் புரட்டன் வீட்டுப் படிய மிதிக்க மாட்டேன்."

சொல்லிவிட்டாரே தவிர, அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் வீம்பு விடுமா?

அந்த ஞாயிறு வகுப்பில், புதிதாக வந்த போதகர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வருஷா வருஷம் எடுக்கும் தன் ஐஸ் பாடத்தையே அவருக்குக் காட்டிவிட வாத்தியாருக்கு ஆசை. சாக்கில் சுற்றிய ஐஸ் கட்டியை மேஜைமேல் வைத்தார். ஸ்டவ்வில் கெண்டியை ஏற்றினார்.

"ஐஸ், தண்ணி, ஆவி! பொருள் ஒண்ணு, வடிவம் மூணு. கடவுளும் இப்படித்தான்!"

வகுப்பு முடிந்ததும் போதகர் அவரைத் தனியே அழைத்தார்.

"ஐயா, ஒரே தண்ணிதானே ஐஸாவும் ஆவியாவும் மாறுது? அப்ப ஒரே ஆள்தான் மாறி மாறி வர்றார்னு ஆயிடுதே. அது புரட்டுன்னு சபை தள்ளி ஆயிரத்தெழுநூறு வருஷத்துக்கு மேல ஆச்சு."

"அப்ப என் தங்கச்சி வீட்டுக்காரர் சொல்றது?"

"இதேதான்."

எத்தனை பிள்ளைகள்! ஊரில் பாதிப் பேரை அவரே புரட்டர்களாக்கி விட்டிருந்தார். வெட்கம் பிடுங்கித் தின்றது. மிச்ச ஐஸைச் சாக்கோடு தோளில் போட்டுக்கொண்டு நேரே தங்கை வீட்டுக்கு நடந்தார். கதவைத் திறந்தது மைத்துனர்.

"மாப்பிள்ளை, மன்னிச்சிருங்க. நானும் உங்க சரக்கைத்தான் இவ்வளவு நாளா வித்துக்கிட்டு இருந்திருக்கேன்."

விஷயத்தைக் கேட்டு மைத்துனர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"என் சரக்கா? மச்சான், என் கல்யாணத்துக்கு முன்னாடி என்னை மூணு மாசம் உங்க வகுப்புல உக்கார வச்சீங்களே, மறந்துட்டீங்களா? அந்த ஐஸ் மனசுல ஒட்டிக்கிச்சு. அதையே இந்தச் சபையில சொன்னாங்க, சேந்துட்டேன்!"

புருஷனுக்குப் பின்னால் தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

"உள்ள வாண்ணே, சாக்கு சொட்டுது."

"கல்யாணத்துக்கு எத்தனை பாளம் ஐஸ் வேணும்?" என்று கேட்டபடி அவர் படியை மிதித்தார்.