ஏழு பௌர்ணமி மௌனம்

என் மகனுக்கு இரண்டரை வயதாகியும் பேச்சு வரவில்லை. அவன் பேச வேண்டும் என்று ஏழு பௌர்ணமி மௌன விரதமிருந்து, அவனை இடுப்பில் சுமந்து கிரிவலம் போனேன். வழியில் மாட்டைக் கண்டால் "ம்ம்" என்று என் முகவாயைப் பிடித்துத் திருப்புவான். விரதம் கெட்டுவிடுமே என்று அவன் உதட்டில் விரல் வைப்பேன்.

அதன் பிறகுதான் பேச்சுப் பயிற்சிக்கு அழைத்துப் போனேன். அங்கிருந்த பெண் அவனிடம் பொம்மை மாடு ஒன்றைக் கொடுத்தார். "அவன் எதைக் காட்டினாலும் நீங்க பேர் சொல்லுங்கம்மா. கேட்டுக் கேட்டுத்தான் பேச்சு வரும்" என்றார்.

மகன் மாட்டை என்னிடம் நீட்டினான்.

"மாடுடா கண்ணு" என்றேன்.

அவன் என்னையே பார்த்தான். பிறகு மெதுவாகத் தன் விரலை என் உதட்டில் வைத்தான்.

இப்போதும் கிரிவலம் போகிறேன், வழியெல்லாம் அவனிடம் பேசிக்கொண்டே. அந்த விரல் மறுபடி வந்துவிடுமோ என்ற பயம் மட்டும் போகவில்லை.