நடவுச் சேற்றில் ஒரு டிஃபென்டர்

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் தெரிந்தவர்கள் யாராவது என்னைப் பார்த்தால், இப்போது எந்த நாட்டில் இருக்கிறாய் என்று கேட்பார்கள். சொல்வேன். அங்கே என்ன வேலை என்பார்கள். கால்பந்து ஆடுகிறேன் என்பேன். அது சரி, வேலை என்ன என்று மறுபடியும் கேட்பார்கள். முதலில் பொறுமையாக விளக்கிக்கொண்டிருந்தேன். பிறகு எரிச்சல் வந்து, கொத்தனார் வேலை என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏற ஆரம்பித்தேன். அதைக் கேட்டதும் அவர்கள் முகம் தெளிந்துவிடும்.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. டிவியில் வருகிற ஆட்டக்காரன் இல்லை நான். மாலத்தீவு, பூட்டான், அப்புறம் மங்கோலியா என்று கீழ்நிலை லீக்குகளில் ஆடுகிறவன். இந்த சீசன் ஒரு கிளப், அடுத்த சீசன் எவன் கூப்பிடுகிறானோ அங்கே. பார்க்க வருகிறவர்களில் பாதிப் பேர் கிளப் முதலாளியின் சொந்தக்காரர்களாக இருப்பார்கள். ஆனாலும் முப்பது வயது தாண்டியும் என்னை ஒருவன் விமானம் ஏற்றிக் கூட்டிப் போய் ஆடவைக்கிறான் என்பதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு.

நான் பந்து பழகியது சின்னசேலம் பக்கத்தில் ஒரு சேகோ ஆலையின் சிமென்ட் களத்தில். ஜவ்வரிசிக்காக மரவள்ளிக் கிழங்கை அரைத்தெடுத்த மாவை அந்தக் களத்தில் பரப்பிக் காயப்போடுவார்கள். மாவு பரப்பாத ஓரம் மட்டும் எங்களுக்கு. பந்தைத் தூக்கி அடித்தால் மாவில் போய் விழும், மேஸ்திரி பந்தை எடுத்து வைத்துக்கொள்வார். ஆள் கீழே விழுந்தால் முட்டி பெயர்ந்துவிடும். அதனால் தரையோடு உருட்டுவதும் நின்றுகொண்டே பறிப்பதும்தான் எங்கள் ஆட்டம். எதிரில் வருகிறவனின் இடுப்பைப் பார்த்துக்கொண்டே பின்வாங்குவேன். பந்து அவன் காலை விட்டுக் கொஞ்சம் விலகியதும் கால் நீட்டி எடுத்துவிடுவேன். அந்த ஒரு வித்தையை வைத்துக்கொண்டுதான் இத்தனை ஊர் சுற்றினேன்.

மங்கோலியாவில் எங்கள் பயிற்சியாளருக்கு அது போதவில்லை. குள்ளமான, கழுத்தே இல்லாத மனிதர். சீசன் முடிந்து எல்லாரும் பெட்டி கட்டும்போது என்னைக் கூப்பிட்டார். தனக்குத் தெரிந்த கொஞ்சம் ஆங்கிலத்திலும் மீதியைக் கையாலும் சொன்னார். கடைசி நொடியில் சறுக்கி விழுந்து பந்தைத் தட்டத் தெரியாதவன் பாதி டிஃபென்டர்தான். பனிக்காலம் முடிந்து வா, வெளிநாட்டு ஆட்டக்காரனுக்கு ஒரே ஓர் இடம் பாக்கி இருக்கிறது, அதற்கு இன்னொருவனும் வருகிறான். சறுக்கக் கற்றுக்கொண்டு வந்தால் பார்க்கலாம் என்றார். விமானம் முழுக்க அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன். பாதியாம்.

ஊரில் எனக்காக ஒரு நாற்காலி தயாராக இருந்தது. உளுந்தூர்பேட்டையில் என் மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், ஹைவே ஓரமாக ஹோட்டல் வைத்திருக்கிறார். லாரிக்காரர்கள், பஸ் கூட்டம் என்று நல்ல வியாபாரம். கல்லாவில் உட்கார நம்பிக்கையான ஆள் வேண்டும், மாப்பிள்ளை இனிமேல் எதற்கு ஓடணும் என்று சொல்லியிருந்தார். நல்ல மனதோடு சொன்னதுதான். எனக்கு அந்த நாற்காலியில் உட்காருவதை நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. மங்கோலியாவில் இடம் கிடைக்காவிட்டால் வேறு எவனும் இந்த வயதில் கூப்பிடப் போவதில்லை, அதில்தான் உட்கார வேண்டும். இதை மனைவியிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கிக்கொண்டிருந்தபோது அவளே ஆரம்பித்தாள்.

"போறதுன்னா முழு மனசோட போயிட்டு வாங்க. கல்லாவுல உக்காந்துக்கினு, டிவியில மேட்ச் பாத்துக்கினு, மூஞ்ச தூக்கி வச்சிக்கினு இருந்தீங்கன்னா எனக்கு ஆவாது."

அதோடு பேச்சு முடிந்தது. மறுநாளிலிருந்து கச்சிராயபாளையத்தில் ஆரம்பித்துக் கல்வராயன் மலை ரோட்டில் ஓடினேன். வளைவுகளில் என்னைக் கடந்து போகிற மினிபஸ்ஸிலிருந்து தலைகள் எட்டிப் பார்க்கும். மூச்சுக்கு மலை போதும். சறுக்குவதற்கு என்ன செய்வது? எங்கள் பக்கம் புல் மைதானம் கிடையாது. பள்ளிக்கூட மைதானம் முழுக்கச் சரளைக்கல். அப்போதுதான் நைனார்பாளையம் பக்கம் நாங்கள் குத்தகைக்கு எடுத்திருந்த வயலில் மார்கழி நடவுக்காக அப்பா சேறு கலக்கிக்கொண்டிருந்தார். டிராக்டர் ஏறி இறங்கிய வயல் வெண்ணெய் மாதிரி கிடந்தது. விழுந்தால் வலிக்காது. இதை விட்டால் வேறு இடம் எது?

விடிந்ததும் மனைவி வரப்பில் நின்று பந்தை எறிவாள். நான் ஓடி வந்து சேற்றில் சறுக்கிக் காலால் தட்டுவேன். பந்து பாதி நேரம் சேற்றிலேயே ஒட்டிக்கொள்ளும். முதல் நாள் மூக்கு, காது, வாய் எல்லாம் சேறு. அவள் சிரித்துச் சிரித்து வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். அப்பா சிரிக்கவில்லை. பரம்படித்துச் சமன் செய்வதற்குள் உன் கூத்தை முடித்துக்கொள் என்றார். முடிக்கவில்லை. பரம்படித்த காலையிலும் போய் இறங்கினேன்.

அன்று நடவுக்குப் பெண்கள் சீக்கிரமே வந்துவிட்டார்கள். நாற்றுக் கட்டுகளோடு வரப்பில் வரிசையாக நின்று வேடிக்கை பார்த்தார்கள். நான் வேகமாக ஓடி வந்து சறுக்கினேன். பந்தும் போய்விட்டது, மூச்சும் போய்விட்டது. அப்படியே மல்லாந்து கிடந்தேன். சமன் செய்த வயலில் பாய் போட்ட மாதிரி ஒரு நீளப் பள்ளம். அப்பா என்ன சொல்லப் போகிறாரோ என்று கண்ணை மூடிக்கொண்டேன். நடவு ஆட்களைக் கூட்டி வருகிற அக்கா, என்னைச் சின்ன வயதிலிருந்தே தெரிந்தவர், புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டே வயலில் இறங்கினார்.

"தம்பி, வுழுந்த எடத்துலயே கெடந்தீன்னா நாத்த உம்மேலதான் நட்டுக்கினு போவணும். சட்னு எழுந்துரு."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. கையை ஊன்றினால் கை உள்ளே போயிற்று. காலை இழுத்தால் கால் வரவில்லை. ஒரு முட்டியை மடக்கி உடம்புக்கு அடியில் கொண்டுவந்து, சறுக்கிய வேகம் தீர்வதற்குள் இடுப்பை முன்னால் தள்ளினால்தான் சேறு விடுகிறது என்று அன்றுதான் கண்டுபிடித்தேன். பக்கத்து வயலில் இன்னும் பரம்படிக்கவில்லை. அவர்கள் நட்டு முடிக்கும் வரை அங்கே விழுந்து விழுந்து எழுந்தேன். நான் எழத் தாமதித்தபோதெல்லாம் அந்த அக்கா தலையை நிமிர்த்தாமலே ஒரு நாற்று முடியைத் தூக்கிக் காட்டினார்.

பனிக்காலம் முடிந்து மங்கோலியாவுக்குப் போனேன். எனக்குப் போட்டியாக ஆப்பிரிக்காவிலிருந்து வந்திருந்த பையன் இளையவன், உயரமானவன், பழகவும் நல்லவன். முதல் நாள் பயிற்சியிலேயே நான் கற்றதைக் காட்டிவிட வேண்டும் என்று பாய்ந்தேன். அங்கேதான் வந்தது வினை. சேற்றில் உடம்பு விழுந்த இடத்தில் நிற்கும். அங்கே இருந்தது பிளாஸ்டிக் புல், அதில் தண்ணீரும் தெளித்திருந்தார்கள். பந்தைத் தாண்டி, கோட்டைத் தாண்டி, விளம்பரப் பலகையில் போய் மோதித்தான் நின்றேன். தொடைத் தோல் கையகலத்துக்கு உரிந்துவிட்டது. பயிற்சியாளர் வானத்தைப் பார்த்தார். அந்தப் பையன் ஓடி வந்து என்னைத் தூக்கிவிட்டான்.

ராத்திரி காலில் மருந்தைத் தடவிக்கொண்டே கல்லா நாற்காலியை நினைத்தேன். பயமாகத்தான் இருந்தது. ஆனால் மறுநாளும் சறுக்கினேன், அதற்கு மறுநாளும். கொஞ்சம் தள்ளியிருந்தே விழ வேண்டும் என்று பிடிபட்டது. அந்தப் பையன் அளவுக்கு என்னால் வர முடியவில்லை. அவன் சறுக்கினால் பெரும்பாலும் பந்தைத் தட்டிவிட்டிருப்பான். ஆனால் பந்து தப்பிவிட்டால் விழுந்தபடியே கிடந்து, போகிறவனைத் திரும்பிப் பார்ப்பான்.

கடைசியில் எங்களுக்குள்ளேயே இரண்டு அணி பிரித்து ஒரு ஆட்டம் வைத்தார்கள். அது முடிந்ததும் யாரை எடுப்பது என்று சொல்லிவிடுவார்கள். ஆட்டம் முடியப்போகிற நேரம், எங்கள் கிளப்பின் வேகமான முன்கள ஆட்டக்காரன் என்னைத் தாண்டப் பார்த்தான். நான் சறுக்கினேன். பந்து என் காலுக்கு மேலே துள்ளிப் போய்விட்டது. இனி அவன் முன்னே கோல்கீப்பர் மட்டும். அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். அந்த நொடியில் நைனார்பாளையம் வயலும் என் மார்பின் மேல் நாற்று நடுவதற்குக் குனிகிற அந்த அக்காவும் கண்ணில் வந்தார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், கோபம்தான் வந்தது. முட்டியை மடக்கினேன், இடுப்பைத் தள்ளினேன். பிளாஸ்டிக் புல் சேறு மாதிரி பிடித்து இழுக்கவில்லை, தூக்கியே விட்டது. அவன் அடிப்பதற்காகக் காலைப் பின்னால் எடுத்தபோது நான் அவனுக்கும் கோலுக்கும் நடுவில் நின்றேன். பந்து அவன் காலை விட்டுக் கொஞ்சம் விலகியது. சேகோ களத்தில் எடுக்கிற மாதிரி, நின்றுகொண்டே எடுத்துவிட்டேன்.

ஆட்டம் முடிந்ததும் பயிற்சியாளர் என்னிடம் வந்தார். உன் சறுக்கல் இன்னும் மோசம்தான் என்றார். பிறகு கையைக் கிடத்தி, சட்டென்று நிமிர்த்திக் காட்டி, இதை எங்கே கற்றாய் என்றார். நான் குனிந்து விரல்களால் தரையில் நாற்று ஊன்றிக் காட்டினேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. சீசன் சட்டையைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அந்தப் பையனைக் கட்டிப்பிடித்துக்கொண்டபோது எனக்கு வருத்தமாகவும் இருந்தது. அவனுக்கு வயது இருக்கிறது, வேறு கிளப் கிடைக்கும். எனக்கு இதுதான் இருந்தது.

உடை மாற்றும் அறையிலிருந்து மனைவிக்குப் போன் போட்டேன். எடுத்தவளிடம் சட்டை கையில் இருக்கிறது என்றேன்.

"கல்லாவுக்கு வேற ஆள பாத்துக்க சொல்லிடட்டுமா அண்ணன?"

சொல்லிடு என்றேன்.