கப்பல் வராத நாளின் மீன்

மிஷியின் சட்டியை நான் எட்டிப் பார்த்தேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எட்டிப் பார்க்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. தாங்கா ஊரின் மகொரோராப் பேட்டையில் நாங்கள் குடியிருந்த வீட்டுக்கு நடுவில் ஒரு நடை, இரண்டு பக்கமும் அறைகள், அறைக்கு ஒரு குடும்பம், பின்னால் எல்லாருக்கும் பொதுவாக ஒரு முற்றம். எல்லாருடைய கரி அடுப்பும் அந்த முற்றத்தில்தான் எரியும். அடுத்த அடுப்பில் என்ன வேகிறது என்று தெரியாமல் இருக்க வேண்டுமானால் மூக்கைக் கழற்றி அறையில் வைத்துவிட்டு வர வேண்டும்.

எங்கள் எல்லாருக்கும் படியளந்தது ஊர்த் துறைமுகம். கப்பல் வந்தால் ஆண்களுக்கு மூட்டை இறக்கும் வேலை உண்டு. வராவிட்டால் விடிவதற்கு முன்னால் துறைமுக கேட் வரை போய், மேஸ்திரி கையை விரிப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். கப்பல் எப்போது வரும் என்று மேஸ்திரிக்கே தெரியாது. வந்த அன்று முற்றம் முழுக்க மணக்கும். இறைச்சி, மீன், தேங்காய்ப்பால் சோறு என்று ஒவ்வொரு வீடும் அமர்க்களப்படும். வராத நாட்களில் மக்காச்சோளக் களியும் கீரையும்தான். அதற்கும் வழியில்லாவிட்டால் பால் இல்லாத தேநீரைக் குடித்துவிட்டுப் படுப்போம்.

மிஷி வீட்டில் மட்டும் இது அப்படியே தலைகீழ். அவள் புருஷன் ஷொமாரி கூலியோடு சீட்டியடித்துக்கொண்டு வரும் அன்று அவள் சட்டியில் கீரை கிடக்கும். அவன் வெறுங்கையோடு வந்து சுவரில் சாய்ந்து உட்காரும் அன்று தேங்காய்ப்பாலில் விளைமீன் கொதிக்கும். ஒரு தடவை என்றால் தற்செயல் என்று விட்டுவிடலாம். ஒவ்வொரு தடவையும் இப்படி நடந்தால் மனுஷிக்குத் தூக்கம் வருமா?

மிஷி பங்கானிப் பக்கத்துக்காரி, தென்னை ஏறுகிறவரின் மகள். ஒல்லியாக, குள்ளமாக இருப்பாள். குரல் உயராது. கடையில் பேரம் பேசவே மாட்டாள். பொருளைக் கையில் எடுப்பாள், திருப்பிப் பார்ப்பாள், இருந்த இடத்திலேயே வைப்பாள், பிறகு சும்மா நிற்பாள். நின்றுகொண்டே இருப்பாள். கடைக்காரனுக்குத்தான் சங்கடமாகி விலையைக் குறைப்பான். சோறு வெந்ததும் அடுப்புக் கரியை மணல் போட்டு அணைத்து, அடுத்த வேளைக்கு எடுத்து வைப்பாள். ஒரு தேங்காயில் மூன்று பால் எடுத்த பிறகு, அந்தச் சக்கையை எதிர்வீட்டுக் கோழிகளுக்குப் போட்டு, அதற்குப் பதிலாகப் பிள்ளைகள் இரண்டுக்கும் முட்டை வாங்கிவிடுவாள். இதையெல்லாம் நானும் பார்த்துப் பழகிக்கொண்டேன். மீன் விஷயம்தான் பிடிபடவில்லை.

ஒருநாள் நேராகவே கேட்டேன்.

"ஏ மிஷி, கப்பலே வரலையே, உன் மீனு மட்டும் எப்படிடி வந்துச்சு?"

"வழி தெரிஞ்ச மீனுதான்க்கா. தானா வந்து சட்டியில விழுந்துருச்சு."

"அப்ப எங்க வீட்டு வழியையும் சொல்லி அனுப்பேன்."

"சொல்லிப் பாத்தேனே. உங்க கையில உப்பு ஜாஸ்தின்னு பயப்படுது."

இப்படிச் சிரித்து மழுப்பினால் நான் விடுகிற ஆளா? அவள் கூடையைப் பார்த்தேன், அறையைப் பெருக்கித் தருகிறேன் என்று உள்ளே போய்க்கூடப் பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை. கடைசி அறை சுவேனாவுக்கு இவ்வளவு சிரமமே இல்லை. அவளிடம் பதில் தயாராக இருந்தது.

"எதுக்குத் தலையைப் பிச்சுக்கிறீங்க? சந்தையில மீன் விக்கிறானே கிப்வானா, அவன் பல்லு மொத்தமும் மிஷியைப் பாத்தாத்தான் வெளியில வருது. ஷொமாரி சம்பாதிச்சு வர்ற அன்னைக்கு மட்டும் அவனுக்கு லீவு. இதுகூடவா புரியல?"

எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஆனால் மறுத்துப் பேசவும் கையில் வேறு பதில் இல்லை. சுவேனாவின் வாய் எங்கள் முற்றத்தோடு நிற்கிற வாயும் இல்லை. அது தெருமுனைக் காப்பி பெஞ்சு வரை போயிற்று. வேலையில்லாத நாட்களில் ஆண்கள் எல்லாரும் அங்கேதான் உட்கார்ந்து கடுங்காப்பி குடிப்பார்கள். ஷொமாரியும் குடிப்பான். எவனோ ஒருவன் அவனைப் பார்த்து, "உனக்கென்னப்பா, கடலே வீட்டுக்கு வருது" என்று சொல்லியிருக்கிறான்.

ஷொமாரி நல்லவன். கேட்டவனுக்கு இல்லை என்று சொல்லத் தெரியாதவன். அன்று வந்தவன் மீன் தட்டைக் காலால் தள்ளினான். அவனை நான் அப்படிப் பார்த்ததே கிடையாது.

"கப்பல் வந்த அன்னைக்குக் கை நிறையக் குடுத்தேன். கீரையைப் போட்டே. இன்னைக்கு ஒத்தக் காசு குடுக்கல, மீனு வருது. என் காசு எங்க போவுது? இந்த மீனு எங்கிருந்து வருது?"

"புள்ளைங்க வயிறு நிறையுதா இல்லையா? அதைப் பாருங்க."

"எவன் குடுத்து நிறையுது? அதைத்தான் கேக்குறேன்."

மிஷி அவன் தள்ளிய தட்டை எடுத்து ஓரமாக வைத்தாள். முற்றத்தில் எல்லா அடுப்பிலும் விசிறி நின்றுவிட்டது.

"அடுத்த கப்பல் வர்றதுக்குள்ள நீயாச் சொல்லிரு. இல்லேன்னா பெட்டியைக் கட்டு, உங்கப்பன் வீட்டுல விட்டுட்டு வந்துடுறேன். தலாக் சொல்ல எனக்கு ஒரு மூச்சு போதும்" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டான்.

மறுநாளும் கப்பல் வரவில்லை. மிஷி துணி அலசிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"சொல்லித் தொலைச்சா என்னடி?"

"சொன்னா மீனு போயிரும்க்கா."

"சொல்லலேன்னா புருஷன் போயிருவான்டி."

துணியைப் பிழிந்து உதறினாள். கண் கலங்கியிருந்தது. பிறகு என்னைப் பார்த்து, "கூடையை எடுத்துக்கிட்டு வாங்க. உங்க அரிப்பாவது தீரட்டும்" என்றாள். எனக்கு இருந்த அவசரத்தில் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

பிற்பகல் அஸர் தொழுகை முடிந்த நேரம். கப்பல் நாளில் எங்கள் சந்தைக்குள் ஆளோடு ஆள் இடிக்காமல் நடக்க முடியாது. அந்த நெரிசலைத்தான் நான் சந்தை என்று நினைத்திருந்தேன். கையில் காசில்லாத நாளில் சந்தைக்குப் போய் என்ன செய்வது? கீரை தெருவிலேயே கிடைக்கும். அதனால் கப்பல் வராத நாளில் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. அன்றுதான் பார்த்தேன். ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள், நிஜமாகவே ஈ. தக்காளிக்காரி எங்களைக் கண்டதும் எழுந்து நின்றாள். தேங்காய்க்காரன் கையைப் பிடித்து இழுக்காத குறை.

"இவ்ளோ மீனு எதுக்கு வாங்கி வந்தான் இந்த கிப்வானா?" என்று கிசுகிசுத்தேன்.

"கப்பல் வரலேன்னு கடலுக்குத் தெரியுமாக்கா? வலையில விழறது விழுந்துக்கிட்டுத்தான் இருக்கும். இன்னைக்கு வேணாம்னு சொன்னா நாளைக்குப் படகுக்காரன் இவனுக்குத் தர மாட்டான். ஐஸும் இல்ல. பொழுது சாஞ்சா நாறிடும்."

கிப்வானா எங்களைப் பார்த்ததும் பல் அத்தனையும் வெளியே வந்தது. சுவேனா சொன்னது அந்த அளவுக்கு உண்மை.

"வாங்கக்கா, வாங்க! காலையில இருந்து ஒரு ஈ காக்கா வரல."

மிஷி ஒரு விளைமீனை எடுத்துச் செவுளைத் தூக்கிப் பார்த்தாள். திரும்ப வைத்தாள். நின்றாள்.

"அய்யோ, நிக்காதீங்கக்கா. நீங்க நின்னா என் வாய் தானா வெலையைக் குறைக்குது. சரி, ஒண்ணு வெலைக்கு மூணா எடுத்துக்கங்க. எடுத்துக்கிட்டுக் கெளம்புங்க."

மிஷி மேலே சுற்றியிருந்த கங்காத் துணியின் முனையில் இருந்த முடிச்சை அவிழ்த்துப் பணம் கொடுத்தாள்.

"இது ஏதுடி?"

"அவர் குடுத்ததுதான். கப்பல் வந்த அன்னைக்கு வாங்கினா இதே காசுக்கு ஒரே மீனு. எல்லாப் புருஷன் பையிலயும் காசு குலுங்குறப்ப எவன் வெலையைக் குறைப்பான்? எல்லாப் பையும் காலியா இருக்கிற அன்னைக்கு நம்மகிட்ட மட்டும் கொஞ்சம் இருந்தாப் போதும்க்கா. சந்தையே நம்மளுது."

எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. இத்தனை வருஷமாக விலை ஏறிய அன்று மட்டும் பார்த்துப் பார்த்து மூட்டை மூட்டையாக வாங்கியிருக்கிறேனே!

"இதை அவன்கிட்டச் சொல்றதுக்கு என்ன?"

"காலி நாள்ல வீட்டில காசு இருக்குன்னு தெரிஞ்சா அவரால சும்மா இருக்க முடியாதுக்கா. பெஞ்சுல யாரு கையை நீட்டினாலும் ஓடி வந்து எடுத்துக் குடுத்துருவாரு. உண்மையிலேயே இல்லாட்டித்தான் இல்லேன்னு சொல்ல அவருக்கு வாய் வரும். அதான் இல்லாதது மாதிரியே வச்சிருக்கேன். கரிமூட்டைக்கு அடியில."

அப்போது கிப்வானா எங்கள் தலைக்கு மேல் பார்த்துக் கத்தினான். "அண்ணே! தேங்காய்க்குப் பின்னால நிக்கிற அண்ணே! நீங்களும் ஒண்ணு எடுத்துக்கங்க, கண்ணு இன்னும் பளபளன்னு இருக்குது பாருங்க!"

திரும்பினோம். தேங்காய்க் குவியலுக்குப் பின்னால் ஷொமாரி நின்றிருந்தான். எங்கள் பின்னாலேயே வந்திருக்கிறான். நாங்கள் பேசியது காதில் விழுகிற தூரம்தான். வரும்போது என்ன நினைத்து வந்தானோ, இரண்டு கையும் முஷ்டி பிடித்தபடியே இருந்தன. மிஷியின் முகத்தில் ரத்தமே இல்லை.

கிப்வானாவுக்கு அவன் யார் என்று தெரியாது. "அண்ணன் துறைமுகத்து ஆளா? அதான் காலி நாள்ல பாத்ததே இல்ல. உங்க ஆளுங்க காசு வந்தாத்தான் இங்க வருவாங்க. நாங்களும் வெலையை ஏத்தி வச்சுக்கிட்டு உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டு இருப்போம்" என்று கள்ளமில்லாமல் சிரித்தான். "இந்த அக்கா ஒருத்திகிட்டதான் எங்க பாச்சா பலிக்காது."

ஷொமாரியின் கை மெல்ல விரிந்தது. மிஷியிடமிருந்து கூடையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தான். அன்றைக்குச் சாப்பிட்டான், இரண்டு தடவை குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். எனக்கு நிம்மதியாக இருந்தது. மிஷி இனி பெட்டி கட்ட வேண்டியதில்லை.

ஆனால் ஷொமாரிக்கு அது போதவில்லை. பொண்டாட்டியைப் பற்றிப் பேசிய பெஞ்சிலேயே அவள் பெயரைக் கழுவ வேண்டும் என்று கிளம்பிவிட்டான். என் வீட்டுக்காரர் அங்கே இருந்தார், வந்து சொன்னார். பெஞ்சு மேலேயே ஏறி நின்றானாம். "என் பொண்டாட்டியைப் பத்திப் பேசுன வாயெல்லாம் கேளுங்கடா. உங்க பொண்டாட்டிங்க எல்லாம் கப்பல் அன்னைக்குக் காசைக் கொட்டிட்டு வர்றாங்க. என் மிஷி என்ன பண்றா தெரியுமா?" என்று தொடங்கி, முடிச்சு முதல் மூன்று மீன் வரை ஒன்று விடாமல் சொல்லிவிட்டான். கைதட்டினார்களாம். சுவேனாவின் முகம் அன்று போன போக்கைப் பார்க்க எனக்கும் குஷியாகத்தான் இருந்தது.

பிறகு கப்பல் வந்தது. அன்று எங்கள் முற்றத்தில் ஒரு அடுப்பு விடாமல் கீரை வெந்தது. ஒருவர் சட்டியை ஒருவர் பார்த்துக் கமுக்கமாகச் சிரித்துக்கொண்டோம். கப்பல் போய்க் காலி நாள் வந்ததும் நானும் முந்தானையில் முடிந்துகொண்டு சந்தைக்கு ஓடினேன். அங்கே எங்கள் தெரு மட்டுமில்லை, மகொரோராவே கூடையோடு நின்றது. கிப்வானா என்ன முட்டாளா? ஒரு பார்வை பார்த்தான், விலையை ஏற்றிவிட்டான். மிஷி மீனை எடுத்தாள், செவுளைப் பார்த்தாள், வைத்தாள், நின்றாள். பின்னாலிருந்து ஒரு கை நீண்டது. "நீ வாங்கலேன்னா நகரு, நான் எடுத்துக்கறேன்" என்று யாரோ அந்த மீனைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

வீட்டுக்கு வந்தால், வாசலில் பெஞ்சு ஆட்கள் இரண்டு பேர். வீட்டில்தான் காசு இருக்குமே, கொஞ்சம் கொடு என்று ஷொமாரியைப் பிடித்துக்கொண்டார்கள். அவன் கரிமூட்டையை நகர்த்தி எடுத்துக் கொடுத்தும் விட்டான்.

மிஷி கீரை கடைந்தாள். ஷொமாரி அவள் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

"கோவமா?"

"இல்ல."

"உம் பேர்ல ஒரு சொல்லு இருக்கக்கூடாதுன்னுதான் சொன்னேன். இனி இந்த ஊர்ல ஒருத்தன் உன்னைத் தப்பாப் பேச மாட்டான்."

மிஷி தட்டில் களியை வைத்து, கீரையை ஊற்றி அவன் பக்கம் நகர்த்தினாள்.

"ஊரு பேசினாப் பேசிட்டுப் போகட்டும். நான் என்ன ஊருக்கா பொங்குறேன்? நீங்க ஒருத்தர் நம்பியிருந்தாப் போதும். நமக்குக் காசில்லாமக் கிடைக்கிறது அது ஒண்ணுதான். அதைப் போயி இத்தனை மீனைக் குடுத்து வாங்கிட்டு வந்திருக்கீங்களே."

ஷொமாரி களியில் ஒரு உருண்டை பிடித்தான். அதை வாயில் வைக்காமல் ரொம்ப நேரம் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தான்.