வேல் வைத்துக்கொண்டு நிற்கிறவர்

போன வாரம் என் மகள் மல்லிகா மாப்பிள்ளையோடு வந்திருந்தாள். முன்னறையில் உட்கார்ந்து காப்பி டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனேன். சமையலறையிலிருந்து, "கணேஷ், அந்தத் துண்டை எடுத்துட்டு வா" என்று ஒரு குரல். காப்பி பாதி வேட்டியில். கணேஷ் என்பது மாப்பிள்ளையின் பெயர், கூப்பிட்டது அவர் பெண்டாட்டி, அவள் நான் பெற்ற மகள் என்று ஒவ்வொன்றாக உறைக்க எனக்கு ஒரு நிமிடம் ஆயிற்று. மாப்பிள்ளை பாட்டுக்கு "இதோ" என்று துண்டை எடுத்துக்கொண்டு போனார். சுவரில் இருந்த பல்லிகூட நகரவில்லை. உள்ளே என் மனைவி கரண்டியைக் கொஞ்சம் பலமாக வைத்த சத்தம் மட்டும் கேட்டது.

வேட்டியில் காப்பி ஊற ஊற எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதே மல்லிகாதான் நாலு வயதில், சொந்த அப்பன் பெயரை வாயால் சொல்ல மாட்டேன் என்று காவேரிக் கரையில் ஊரையே நிற்க வைத்தவள்.

வருஷம் அறுபத்திரண்டோ மூன்றோ, சரியாக நினைவில்லை. அப்போது எடமலைப்பட்டி புதூரில் ஓர் ஓட்டு வீட்டில் குடியிருந்தோம். சமைக்கிற இடத்தில் தும்மினால் படுக்கிற இடத்தில் விளக்கு அணையும், அத்தனை பெரிய வீடு. நான் ரயில்வேயில் குமாஸ்தா. ஆபீசில் என்னை அதட்ட ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். வீட்டில் இரண்டே பேர்தான் என்பதால் சாயங்காலம் வீடு திரும்புவது எனக்கு ஓய்வு மாதிரி.

இரண்டாவது ஆள் மல்லிகா. அவளுக்குக் குழந்தைப் பேச்சு என்று ஒன்று வரவே இல்லை. பேசக் கற்றுக்கொள்ள அவளுக்கு வாய்த்த ஒரே வாத்தியார் அவள் அம்மா. அம்மா பேசியதெல்லாம் ஒரு புருஷனிடம் பேசிய பேச்சு. அம்மா என்னை "ஏங்க" என்று கூப்பிட்டாள், மகளும் "ஏங்க" என்றே கூப்பிட்டாள். ஆபீஸ் விட்டு அரை மணி தாமதமாக வந்தால், வாசற்படியில் முழங்கை உயரத்துக்கு ஓர் உருவம் இடுப்பில் கை வைத்து நிற்கும்.

"ஏங்க, இதான் வீட்டுக்கு வர்ற நேரமா?"

தலைவலி என்று சாய்ந்தால் நெற்றியில் பிஞ்சுக் கை வந்து விழும். "அலைச்சல்தாங்க. வேற ஒண்ணுமில்ல. ரசத்த ஊத்திச் சாப்பிட்டுப் படுங்க, எல்லாஞ் சரியாப் போயிடும்." அடுத்த வீட்டு அம்மாள் பிஸ்கட் நீட்டினால், "எனக்கு எதுக்குங்க, புள்ளைங்களுக்குக் குடுங்க" என்பாள். ஒரு மாதக் கடைசியில் என் மேலதிகாரி ஏதோ காகிதத்தில் கையெழுத்து வாங்க வாசலுக்கு வந்தவர், வந்த காலோடு போக இருந்தார். இவள் குறுக்கே போய், "அதெல்லாம் முடியாது, சாப்பிட்டுத்தான் போகணும்" என்றாள். அவர் நெகிழ்ந்துபோய் உட்கார்ந்துவிட்டார். பானையில் ஒரு பிடி அரிசி இல்லை. என் மனைவி பின்வாசல் வழியாகப் பக்கத்து வீட்டுக்கு ஓடியதும், சோறு வேகும் வரை நான் அவரிடம் ரயில் வண்டிகளின் சிறப்பைப் பற்றி ஒரு மணி நேரம் பேசியதும் தனிக் கதை.

பெயர் விஷயத்துக்கு வருகிறேன். புருஷன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்பதில் என் மனைவிக்கு அணுவளவும் சந்தேகம் கிடையாது. ரேஷன் கடையில் "குடும்பத் தலைவர் பேரு என்னம்மா?" என்று கேட்டால், சுவரில் மாட்டிய காலண்டரில் முருகன் படத்தைக் காட்டுவாள். கடைக்காரர் "முருகேசனா? கந்தசாமியா?" என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே போவார். சரியான பெயர் வரும்போது இவள் தலையைக் குனிந்து சிரிப்பாள், அவர் எழுதிக்கொள்வார். இது எல்லாப் பெண்களும் செய்ததுதான். ஆனால் இடுப்பில் உட்கார்ந்திருந்த ஒரு ஜீவன் இதையெல்லாம் பாடம் கேட்டுக்கொண்டிருந்தது எங்கள் இருவருக்கும் தெரியவில்லை.

அந்த வருஷம் ஆடிப்பெருக்குக்கு ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் போனோம். படித்துறையில் எள் விழ இடமில்லை. காவேரி செம்மண் நிறத்தில், இரண்டு கரையும் தொட்டு, ஒரு மாதிரி முனகிக்கொண்டே போகிறது. மஞ்சள் வாசனை, ஈரப் புடவை வாசனை, எங்கே பார்த்தாலும் எலுமிச்சைச் சாதத்தின் தாளிப்பு வாசனை. மல்லிகாவுக்குப் பச்சைப் பாவாடை. ஒரு காலில் மட்டும் கொலுசு. இன்னொன்றைப் பஸ்ஸில் எங்கேயோ விட்டுவிட்டாள். கையில், ஆடிப்பெருக்குக்குப் பிள்ளைகள் கயிறு கட்டி இழுக்கிற சின்ன மரத்தேர், சிவப்புக் காகிதம் ஒட்டிய சப்பரம்.

என் மனைவி பூஜைத் தட்டோடு படி இறங்கும்போது, "புள்ளைய விட்டுடாதீங்க" என்றாள்.

"நான் பாத்துக்கறேன்" என்றேன். பார்த்துக்கொண்டும்தான் இருந்தேன். ஆனால் பக்கத்தில் ஒரு தூக்குவாளி இருந்தது. அதில் எலுமிச்சைச் சாதமா, தேங்காய்ச் சாதமா என்று ஒரு சந்தேகம் வந்தது. மூடி இறுகியிருந்ததால் இரண்டு கையும் தேவைப்பட்டது. தேங்காய்ச் சாதம். நிமிர்ந்தேன். மல்லிகா இல்லை.

புத்தியுள்ள மனுஷன் என்றால் நின்ற இடத்தில் நின்று கூப்பிட்டிருப்பான், மனைவியிடம் போய்ச் சொல்லியிருப்பான். அவளிடம் சொல்கிற தைரியம் எனக்கு இல்லை. தூக்குவாளியோடு ஓடினேன். எந்தத் திசை என்றெல்லாம் யோசிக்கவில்லை. கால் எந்தப் பக்கம் பார்த்திருந்ததோ அந்தப் பக்கம். வழியில் ஒரு பலூன்காரரைப் பிடித்து, "ஒரு... சின்னது... பச்சை..." என்று திணறினேன். அவர் நிதானமாக ஒரு சின்னப் பச்சை பலூனை ஊதி, நூல் கட்டி என் கையில் கொடுத்தார். அதையும் வாங்கிக்கொண்டு ஓடினேன். யோசித்துப் பாருங்கள். ஒரு கையில் சாதம், ஒரு கையில் பலூன், கண்ணில் தண்ணீர். ஜனங்கள் எனக்கு வழிவிட்டார்கள்.

கரை நெடுக மூங்கில் நட்டுக் குழாய் ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். அதிலிருந்து ஒரு பெரியவர் குரல் வந்தது: "பழனியாண்டி, தண்டபாணி, கந்தசாமி, வேலாயுதம், ஆறுமுகம்..." மிச்சத்தை ஒரு மேளக் கோஷ்டி முழுங்கிவிட்டது. கொடுத்துவைத்தவர்கள், ஐந்து பேரும் சேர்ந்தே தொலைந்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அந்தப் பட்டியலில் என் பெயர் இல்லை.

கூட்டம் குறைந்த ஓர் ஒதுக்குப்புறப் படிக்கட்டுக்கு வந்தபோதுதான் அதைப் பார்த்தேன். தண்ணீருக்கு மேலே தெரிந்த கடைசிப் படியில், அலை தொட்டுத் தொட்டுப் போகிற இடத்தில், சிவப்புக் காகிதம் ஒட்டிய சப்பரம் ஒன்று சாய்ந்து கிடந்தது. அதன் கயிறு ஆற்றுக்குள் போயிருந்தது.

எதை வைத்தும் நான் கேலி பேசுவேன் என்று எல்லோரும் சொல்வார்கள். அந்தக் கயிற்றைப் பற்றி இன்றுவரை எனக்கு ஒரு வேடிக்கையும் தோன்றியதில்லை.

இறங்கிவிட்டேன். முதல் படி, இரண்டாவது படி, இடுப்பு வரை. நீச்சல் தெரியாது. தண்ணீர் பின்னாலிருந்து ஆள் தள்ளுவது போலத் தள்ளியது. இன்னும் ஒரு படி இருக்கிறதா, அதோடு முடிந்ததா என்று காலால் துழாவிக்கொண்டிருந்தேன். அப்போது ஒலிபெருக்கி கரகரவென்று இருமிவிட்டு, என் பெயரைச் சொன்னது.

பெண்குரல். என் பெயர்கொண்ட வேறு யாரையோ யாரோ கூப்பிடுகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் அந்தக் குரலில் அந்தப் பெயரை நான் கேட்டதே இல்லையே, எப்படித் தெரியும்? இரண்டாவது தடவையும் சொன்னது. இந்தத் தடவை குரல் உடைந்திருந்தது.

"எங்க இருக்கீங்க? புள்ள கெடச்சிட்டா. பந்தலுக்கு வந்துடுங்க. தண்ணியில மட்டும் எறங்கிடாதீங்க, உங்களுக்கு நீச்சல் தெரியாது!"

கரையில் இருந்தவர்கள் ஒலிபெருக்கியைப் பார்த்தார்கள். அப்புறம் இடுப்பளவுத் தண்ணீரில், தூக்குவாளியும் பலூனுமாக நின்ற என்னைப் பார்த்தார்கள். ஒரு பையன் வந்து, "அண்ணே, என் சப்பரத்த மிதிச்சிடாதீங்க" என்று கயிற்றைச் சுருட்டிக்கொண்டு போனான்.

பந்தலில் மல்லிகா நாற்காலியில் கால் தொங்க உட்கார்ந்து வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தாள். மடியில் அவள் சப்பரம். சொட்டச் சொட்ட நின்ற என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏங்க, ஒரு எடத்துல நிக்க மாட்டீங்களா? எங்கன்னு தேடுறது உங்கள?"

மைக் முன்னால் திருமண் இட்ட ஒரு பெரியவர் களைத்துப்போய் உட்கார்ந்திருந்தார். "வாரும் ஓய்" என்றார். "நன்னாப் பெத்தீர் ஒரு பொண்ணு. அப்பா பேர் என்னடி கொழந்தேன்னா, ‘அதெல்லாம் வாயால சொல்லலாங்களா?’ன்னு என்னையே திருப்பிக் கேக்கறா."

அவர் குறிப்பாவது சொல் என்று கெஞ்சியிருக்கிறார். மல்லிகா பந்தலைச் சுற்றிலும் பார்த்துக் காலண்டர் தேடியிருக்கிறாள். அங்கே இருந்தது ரங்கநாதர் படம் ஒன்றுதான். அதை உற்றுப் பார்த்துவிட்டு, "இவரு இல்லீங்க. இவரு படுத்திருக்காரு. அவரு நின்னுக்கிட்டு இருப்பாரு. வேலு வச்சிருப்பாரு" என்றாளாம்.

"பெருமாள் ஊர்ல மைக் போட்டு, அஞ்சு முருகன் பேரை என் வாயால சொல்ல வெச்சுட்டா ஓய் உம்ம பொண்ணு! ஆளும் வந்தா. ரெண்டு கந்தசாமி, ஒரு ஆறுமுகம். ஒரு கந்தசாமிக்குக் கல்யாணமே ஆகலையாம். பேரைச் சொன்னேளே, மரியாதைக்கு வந்தேன்கறான்."

அறிவிப்பின் மிச்சத்தில் பச்சைப் பாவாடையும் ஒற்றைக் கொலுசும் வந்ததைக் கேட்டு என் மனைவி வந்துவிட்டாள். மகள் கிடைத்தாள், நான் இல்லை. பெரியவர் மறுபடி முதலிலிருந்து, "உங்க அகத்துக்காரர் பேர் என்னம்மா?" என்று கேட்டிருக்கிறார். இவள் அந்த ரங்கநாதரைப் பார்த்தாள், ஆற்றைப் பார்த்தாள், மைக்கைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவ்வளவுதான் அவர் சொன்னது.

அவள் என்னைத் திட்டவில்லை. பந்தல் மூங்கிலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மல்லிகாதான் விடவில்லை. "அம்மா, நீ பேரச் சொல்லிட்ட. ரெண்டு தடவ சொல்லிட்ட." பஸ்ஸில் பாலம் தாண்டும் வரை அதே பல்லவி. கடைசியில் என் கன்னத்தைத் தடவி, "பரவால்ல, ஆத்தோட போக இருந்த ஆயுசுதான, கொஞ்சம் போனாப் போவுது" என்று தீர்ப்புச் சொன்னாள். அதைக் கேட்டுத்தான் என் மனைவி அழுதாள். அடுத்த வெள்ளிக்கிழமை சமயபுரத்தில் மாவிளக்குப் போட்டு அந்த இரண்டு தடவைக்கும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வந்தாள்.

அடுத்த ஜூன் வந்தது. மல்லிகா பள்ளிக்கூடம் போனாள். முதல் வாரமே அவள் பேச்சைக் கேட்டு அங்கே யாரோ சிரித்திருக்க வேண்டும். ஒருநாள் தாமதமாக வந்தபோது வாசற்படியில் யாரும் இல்லை; உள்ளேயிருந்து "அப்பா வந்தாச்சு" என்று ஒரு குழந்தைக் குரல் கேட்டது. நியாயமான வார்த்தைதான். எனக்கோ பெரிய பதவியிலிருந்து இறக்கிவிட்டாற்போல் இருந்தது.

இப்போது காவேரியில் பல மாதம் மணல்தான். எடமலைப்பட்டி புதூர் ஓட்டு வீடு இருந்த இடத்தில் மாடிவீடு நிற்கிறது. மகள் மாப்பிள்ளையைப் பெயர் சொல்லி ஒரு நாளைக்கு முப்பது தடவை கூப்பிடுகிறாள். அவரும் நாளுக்கு நாள் சதைபோட்டு ஆரோக்கியமாகத்தான் இருக்கிறார்.

அவர்கள் ஊருக்குப் போன அன்று மனைவியிடம் மெல்லக் கேட்டேன். "இந்தா, ஒரே ஒரு தடவ என் பேரச் சொல்லேன்."

"எதுக்குங்க?" என்றாள் கீரை ஆய்ந்துகொண்டே. "இங்கதான இருக்கீங்க."

அதுவும் சரிதான். நான் கிடைத்துவிட்டேன். இடுப்பில் கை வைத்து, "ஏங்க, இதான் வர்ற நேரமா?" என்று என்னை அதட்டிய அந்தப் பெரிய மனுஷிதான் அப்புறம் கிடைக்கவில்லை. பச்சைப் பாவாடை, ஒரு காலில் மட்டும் கொலுசு. எந்தப் பந்தலில் போய்ச் சொல்வது?