பதினோரு புள்ளி

எங்கள் ஊரில் பெண்பிள்ளைகள் கபடி பார்க்க மைதானத்துக்குப் போகக் கூடாது. மொட்டைமாடியில் நின்று பார்க்கலாம். அங்கிருந்து பார்த்தால் தலைகள்தான் தெரியும், யார் யாரைத் தொட்டார்கள் என்பது தெரியாது. அந்தக் கோபத்தில்தான் நான் ஸ்கோர் ஷீட் படிக்க ஆரம்பித்தேன். அப்போது ஏழாவது படித்துக்கொண்டிருந்தேன்.

அப்பா கபடி அம்பயர். இண்டூர், கம்பைநல்லூர் என்று சுற்றுவட்டாரத்தில் எங்கே பொங்கல் கபடி, திருவிழாக் கபடி நடந்தாலும் விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். ஷீட்டின் நகல் ஒன்று அம்பயருக்குத் தருவார்கள். அதைக் கொண்டுவந்து ஒரு ஜவுளிக்கடைப் பையில் திணித்து பீரோ மேல் போடுவார். மூன்று வருடத்துத் தாள்கள் அங்கே கிடந்தன. அவர் ஒரு தாளையும் திரும்ப எடுத்துப் பார்த்ததில்லை.

எது பெரிய டீம் என்று கேட்டால் ஊரில் எல்லோரும் கப்பை எண்ணிச் சொல்வார்கள். அது முட்டாள்தனம். சொத்தை டீம்களோடு மட்டும் ஆடுகிறவனிடமும் அலமாரி நிறைய கப் இருக்கும். நான் வேறு மாதிரி போட்டேன். ஒவ்வொரு டீமும் சராசரியாக எத்தனை புள்ளி வித்தியாசத்தில் ஜெயிக்கிறது அல்லது தோற்கிறது என்று முதலில் எழுதினேன். அது யார் யாரோடு ஆடியதோ அவர்களுடைய எண்களின் சராசரியை அதோடு கூட்டினேன். கூட்டியதும் எல்லா டீமின் எண்ணும் மாறிவிடும். மாறிய எண்களை வைத்து அந்தக் கூட்டலை மறுபடி போட வேண்டும். ஏழெட்டு முறை அழித்து அழித்து எழுதினால் எண்கள் அசையாமல் நிற்கும். பதினைந்துக்கு மேல் போன வித்தியாசத்தைப் பதினைந்து என்றே வைத்துக்கொண்டேன். அதற்கு மேல் போனால் ஜெயிக்கிறவன் வேடிக்கை பார்க்க வந்த மச்சானையெல்லாம் இறக்கிவிடுவான், அது கணக்கில் சேராது.

சொந்த மண்ணுக்கும் ஒரு எண் வைத்தேன். எந்த டீமாக இருந்தாலும் தன் ஊரில் ஆடும்போது மூன்று புள்ளி கூடுதலாக எடுத்தது. எல்லா ஊரிலும் மூன்றுதான்.

ஒரே ஒரு இடத்தில் அது உதைத்தது. ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்கிற காலனி டீம்தான் என் பட்டியலில் முதலிடம். எண் பன்னிரண்டு. எங்கள் ஊர் டீம் நாலாவது இடம், எண் மூன்று. வெளியூரில் எவனை எதிர்த்தாலும் காலனிக்காரர்கள் நொறுக்கினார்கள். எங்கள் மைதானத்தில் எங்களோடு ஆடினால் மட்டும் தோற்றார்கள். நாலு ஆட்டம், நாலும் தோல்வி. எடுக்க வேண்டியதை விடப் பதினோரு புள்ளி குறைவு. ஏரியைத் தாண்டினால் அவர்கள் வீடு, அவர்களுக்கும் இது சொந்த மண்தானே, கழிக்கவே கூடாதே என்று குழம்பினேன். கூட்டலில் தப்பு என்று நினைத்து மூன்று தடவை முதலிலிருந்து போட்டேன். பதினொன்றே வந்தது.

நோட்டை முதலில் பார்த்தது சித்தப்பா. அவர்தான் எங்கள் டீமின் கேப்டன். சாப்பிட உட்கார்ந்தவர் நோட்டைப் புரட்டிவிட்டு அப்பாவைப் பார்த்துச் சிரித்தார்.

“ஏண்ணா, உம் பொண்ணு நம்மள நாலாவதுல உக்கார வெச்சிருக்கா பாரு. காலனிப் பசங்க மொத எடமாம்.”

“சின்னப் புள்ள கிறுக்கறது. வுடு.”

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. “கிறுக்கல் இல்லப்பா. ஆனா சித்தப்பா, நம்ம கிரவுண்டுல வெளையாண்டா நாமதான் ஜெயிப்போம். ரெண்டு பாயிண்ட்ல.”

“அது எப்பிடி?”

“இங்க வந்தா மட்டும் அவங்களுக்குப் பதினோரு பாயிண்ட் கொறையுது.”

சித்தப்பா சிரிப்பை நிறுத்தினார். அப்பாவின் கை தட்டிலேயே நின்றது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு பொய்யைச் சொல்லி மாட்டிக்கொண்ட மாதிரி எனக்கு இருந்தது. என்ன பொய் என்றுதான் தெரியவில்லை.

“இத வெளிய எவங்கிட்டயும் சொல்லாத” என்றார் அப்பா. கத்தவில்லை. கத்தியிருந்தால் அவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

மறுநாளே சொல்லிவிட்டேன். காலனி டீமின் கேப்டன்தான் எங்கள் வீட்டு டிராக்டர் ஓட்டினார். அவருக்கு இருபத்து நாலு வயது இருக்கும். அவரை நான் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவேன், ‘நீ, வா, போ’ என்றுதான் பேசுவேன். அப்படித்தான் எங்கள் வீட்டில் பழக்கியிருந்தார்கள். வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தவரிடம் போய், “நீதான் நம்பர் ஒன்னு தெரியுமா?” என்றேன்.

“எதுலங்க பாப்பா?”

நோட்டைக் காட்டினேன். ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, நோட்டைத் தொடாமல் குனிந்து படித்தார். பாராட்டுவார் என்று காத்திருந்தேன்.

“எங்க ஊர்ல மட்டும் ஏன் ஒழுங்கா வெளையாட மாட்டேங்கற?” என்றேன்.

அவர் விரலால் அந்த எண்ணுக்கு மேலே காற்றில் ஒரு கோடு போட்டார். “பதினொன்னுங்களா பாப்பா? நாலு அஞ்சு இருக்கும்னு நெனச்சேன்” என்றார். தண்ணீர்க் குழாய் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

மாட்டுப்பொங்கலுக்கு மறுநாள் சாயங்காலம் அரையிறுதி. எங்கள் ஊரும் காலனியும். விசில் அப்பாவிடம். நான் மாடியில் நின்று ஸ்பீக்கரில் சொல்லும் ஸ்கோரைக் கேட்டு எழுதிக்கொண்டிருந்தேன். இடைவேளையில் நாங்கள் ஒரு புள்ளி முன்னால் இருந்தோம். என் கணக்கு அப்படியே வருகிறது என்று குதித்தேன்.

பிறகு காலனி கேப்டன் ‘கபடி, கபடி’ என்று பாடிக்கொண்டு ஏறி வந்தார். ஒரே பாட்டில் மூன்று பேரைத் தொட்டுவிட்டுத் திரும்பினார். அப்பா ஒருவரை மட்டும் காட்டினார். மறுபடி வந்தார், மறுபடி தொட்டார். சித்தப்பாவே அவர் காலைப் பிடித்துத் தொங்கினார். சித்தப்பாவையும் இழுத்துக்கொண்டு அவர் கோட்டைத் தாண்டினார். ஸ்பீக்கரில் சொல்கிறவனின் குரல் தணிந்துகொண்டே போனது. கடைசி நிமிடங்களில் அந்த மைதானத்தில் இருந்த அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டார்கள். பொங்கல் கூட்டம் அவ்வளவு அமைதியாக இருந்து நான் கேட்டதில்லை. நான் எழுதுவதை நிறுத்திவிட்டேன்.

நாலு புள்ளியில் அவர்கள் ஜெயித்தார்கள். அவர்களில் ஒருவரும் கத்தவில்லை, துள்ளவில்லை. செருப்பைத் தேடிக் கையில் எடுத்துக்கொண்டு வேகமாக நடந்தார்கள். எங்கள் வீட்டு மதிலோரம் சித்தப்பாவும் ஏழெட்டுப் பேரும் காலனி கேப்டனை மறித்தார்கள். சரியாக எனக்குக் கீழே.

“இத்தன வருசமா இல்லாத திமிரு இன்னிக்கி எங்கருந்து வந்துச்சு? எவன்டா ஏத்தி வுட்டது?”

ஒருவன் அவர் பனியனைப் பிடித்து முறுக்கினான். நான் கைப்பிடிச் சுவருக்குப் பின்னால் குனிந்துகொண்டேன். ‘பாப்பா சொன்னா’ என்று சொல்லிவிடுவார், அப்பா பெல்ட்டை எடுப்பார் என்று நடுங்கினேன். சுவரின் துவாரம் வழியாகப் பார்த்தபோது அவர் நிமிர்ந்து மாடியைப் பார்த்தார். ஒரு தடவைதான். பார்வையை இறக்கிவிட்டார்.

“யாரும் இல்லீங்க. இன்னிக்கி எனக்கு ஆட்டம் நல்லா வந்துச்சுங்க.”

முதல் அறை விழுந்த சத்தம் கேட்டது. நான் மாடிப்படியில் இறங்கி ஓடினேன். எனக்கு வந்தது நிம்மதி. வெட்கமில்லாமல் சொல்கிறேன், சுத்தமான நிம்மதி. என் பெயர் வெளியே வரவில்லை.

அன்றைக்கு அம்மா நோட்டில் அந்தப் பக்கத்தைக் கிழித்து அடுப்பில் போட்டாள். “இனி எண்ணு கிண்ணுன்னு வாயத் தெறந்த, வாயிலயே சூடு வெப்பேன்” என்றாள். அந்த வாரம் முழுக்க ஆறு மணிக்கே கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். அப்பாவும் சித்தப்பாவும் வெளியே போய்விட்டு வருவார்கள். எங்கே என்று யாரும் கேட்கவில்லை. ஏரிக்கு அந்தப் பக்கம் என்ன நடந்தது என்று எங்கள் வீட்டில் ஒருவரும் பேசவில்லை. காலனி டீம் இறுதி ஆட்டத்துக்கு வரவில்லை. டிராக்டர் சாவியை யாரோ ஒரு சின்னப்பிள்ளையிடம் கொடுத்தனுப்பியிருந்தார்கள். அவர் பெங்களூருக்கு சென்ட்ரிங் வேலைக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். அங்கே கூலி அதிகம், அதனால் போயிருக்கிறார் என்று நானே ஒரு காரணம் வைத்துக்கொண்டேன். அவரோடு ஆடிய மற்ற ஆறு பேரும் அதே மாதம் ஏன் போனார்கள் என்று யோசிக்கவில்லை.

ஒரு வருடம் நோட்டைத் தொடவில்லை. விசில் சத்தம் கேட்டால் மாடிப் பக்கமே போகவில்லை. அடுத்த பொங்கல் முடிந்ததும் அப்பாவே புதுத் தாள்களைக் கொண்டுவந்து என் முன்னால் போட்டார். “போட்டுப் பாரு” என்றார்.

பயந்துகொண்டேதான் போட்டேன். அந்த வருடத்துத் தாள் எதிலும் காலனி டீமின் பெயர் இல்லை. எங்கள் ஊர் டீம் முதலிடத்துக்கு வந்திருந்தது. சொந்த மண்ணுக்கு எங்கள் ஊரிலும் மூன்றே மூன்றுதான் வந்தது. எந்த எண்ணும் உதைக்கவில்லை. அவ்வளவு சுத்தமாகக் கணக்கு எனக்கு அதுவரை வந்ததே இல்லை.

அப்பா நோட்டை வாங்கி நிதானமாகப் பார்த்தார். “இப்பத்தான் சரியா போட்டிருக்க” என்று என் தலையில் கை வைத்தார்.

ஒரு வருடப் பயமும் அந்தக் கையோடு போய்விட்டது. போன வருடம் எங்கேயோ தப்பாகக் கூட்டியிருக்கிறேன், அதனால்தான் அவ்வளவு சண்டையும் என்று நினைத்துக்கொண்டேன். அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.